குனியாமல் வர ஒரு வாசல்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, கோட்டைக் கதவில் சின்ன வாசல் என்று ஒன்று கிடையாது. திறந்தால் முழுக் கதவும் திறக்க வேண்டும். அதற்கு நான்கு யானைகள் வேண்டும்.

அப்படியொரு கோட்டையில் மருதாயி இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி எருமை மேய்க்க வெளியே போன அன்று, எதிரி வருகிறான் என்று யாரோ கொளுத்திப் போட, ராஜா கதவைச் சாத்திவிட்டார். எதிரி வந்தபாடில்லை. ராஜாவுக்குப் பயம் போனபாடுமில்லை. வெளியே போனவர்கள் வெளியிலேயே கிடந்தார்கள்.

மதில் காவலர்கள் கண்ணயரும் உச்சிவேளையில் சடையாண்டி கதவருகே வந்து உட்காருவான்.

"புள்ள, சாப்பிட்டியா?" என்பான்.

"ஆச்சு. நீங்க?" என்பாள்.

குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. மூன்று மாதம் இப்படியே போனதில், அவன் முகமே மறந்துவிடுமோ என்று மருதாயி பயந்தாள்.

கதவில் வந்து உட்கார்ந்த மரங்கொத்தியிடம் கெஞ்சினாள். "அண்ணே, ஒரு கண்ணு வச்சுப் பாக்குற அளவுக்குத் தொளை போட்டுக் குடுங்க. அது போதும்."

போட்டுக் கொடுத்தது. பார்த்தாள். இளைத்துப் போயிருந்தான். பார்த்தபின் கண்ணளவு போதவில்லை, கையளவு கேட்டாள். கையைப் பிடித்ததும் ஆளளவு கேட்டாள். மரங்கொத்தியும் முகம் சுளிக்காமல் தினமும் உச்சிவேளையில் கொத்தியது. மற்ற நேரமெல்லாம் வைக்கோல் கட்டைச் சாய்த்து மறைத்து வைத்தாள்.

ஒருநாள் மரங்கொத்தி சொன்னது: "ஆச்சு தங்கச்சி. குனிஞ்சா வந்துரலாம். இப்பவே வரச் சொல்லு."

சடையாண்டி நல்ல உயரம். யாருக்கும் தலை வணங்காத மனுஷன், சொந்த வீட்டுக்குத் திரும்பும்போதா குனிய வேண்டும்? மருதாயிக்கு மனசு வரவில்லை.

"இன்னும் ஒரு சாண் கொத்துங்கண்ணே. அவுக நிமிர்ந்தே வரட்டும்."

"நான் குனிஞ்சே வர்றேன், புள்ள," என்றான் சடையாண்டி வெளியிலிருந்து.

"ஒரு நாள்தானே. பொறுத்துக்கங்க."

மறுநாள் மரங்கொத்தி இன்னும் மேலே ஏறிக் கொத்தத் தொடங்கியதும், சத்தம் மதில்மேல் தூங்கியவர்களை எழுப்பிவிட்டது. அம்புகள் பறந்தன. சடையாண்டி தப்பி ஓடிக் காட்டுக்குள் மறைந்தான்.

ராஜா வந்து துளையையும் அதன் பக்கத்தில் நின்ற மருதாயியையும் பார்த்தார். ஒரு நேரத்தில் ஓர் ஆள், அதுவும் தலையை நீட்டிக் குனிந்து வருகிற வழி. எதிரிக்கு இதைவிடத் தோதான பொறி ஏது? அவருக்குப் பிடித்துவிட்டது.

"இதை அடைக்க வேண்டாம். இதே உயரத்தில் ஒரு கதவும் தாழ்ப்பாளும் போடுங்கள். வருகிறவர் முகத்தைப் பார்த்துத் திறக்க இவளே இருக்கட்டும். இவள் மட்டும் வெளியே போகக் கூடாது," என்றார்.

மருதாயி பார்த்தாள். உப்பு விற்பவர், ஓலை கொண்டு வருபவர் என்று எத்தனையோ முகம் பார்த்தாள். தலை நரைக்கும்வரை பார்த்தாள். அவன் முகம் மட்டும் வரவில்லை. குனிஞ்சே வர்றேன் என்று அவன் சொன்னதை நினைத்து நினைத்து அழுதாள்.

அன்று முதல்தான் கோட்டையின் பெருங்கதவில் சிறுகதவு வைக்கும் வழக்கம் வந்தது. திட்டி என்றால் பார்வை. அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். எத்தனை உயரமானவரும் இன்றைக்கும் அதில் குனிந்துதான் நுழைகிறார், மருதாயி கேட்ட அந்த ஒரு சாணை யாரும் கொத்தி முடிக்கவில்லை.