இலவ மரத்து ஏழு வீடுகள்

குளக்கரை இலவ மரத்தின் உரிமையாளரும், மரங்கொத்திக் குலத்தில் மூத்தவரும், சென்ற பங்குனியோடு பதினொரு வயது நிறைவெய்தியவருமான திருவாளர் செங்கொண்டையார், அம்மரத்தில் ஐந்து பொந்துகளைக் குடைந்து வாடகைக்கு விட்டிருந்தார். அவருடைய அலகு மழுங்கிவிட்டது. பட்டையைப் பெயர்த்து இரை தேடும் வலிமை குன்றிவிட்டது. ஆகவே, குடியிருப்போர் வீட்டுக்கு இரண்டு புழு வீதம் நாள்தோறும் கொண்டுவந்து தருவதே அவருடைய பிழைப்பாக இருந்தது.

ஒருநாள் அவர் அடிமரத்தின் நடுவே தட்டிப் பார்த்தார். "டொம், டொம்" என்று ஒலித்தது. அவர் உள்ளம் குளிர்ந்தது.

"உள்ளே பொள்ளலாக இருக்கிறது! குடைவது எளிது! இரண்டே நாளில் இரண்டு வீடு முடித்துவிடலாம்!"

கீழ்ப்பொந்தில் மூன்று குஞ்சுகளுடன் குடியிருந்த மைனா தலையை நீட்டியது.

"வீட்டுக்கார ஐயா, அந்த ஓசை எனக்கு நல்லதாகப் படவில்லை. என் சுவர் ஈரம் கோத்திருக்கிறது. தொட்டால் தூளாக உதிர்கிறது. மரம் உளுத்துவிட்டது. எதிரே இருக்கும் மருத மரத்தில் குடையுங்களேன்!"

"மருதமா? அது இரும்பு! ஒரு வீட்டுக்குப் பத்து நாள் பிடிக்கும். யாருடைய அலகு தேய்வது? உன்னுடையதா?"

"குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை, ஐயா. மரம் சாய்ந்தால் நான் எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பேன்?"

"மூன்று நாளாக மெலிந்த புழுவாகத் தருகிறாய். இன்று சுவர் ஈரம் என்கிறாய். வாடகையைக் குறைக்க வழி தேடுகிறாயோ?"

மேல்பொந்துக் கிளிக்குப் பொறுக்கவில்லை.

"என்னையும் பாரும்! பழம் தின்னும் குலத்தில் பிறந்து, உமக்காகப் புழு பொறுக்குகிறேன். என் சுவரும்தான் உதிர்கிறது. நானும் பொய்யா சொல்கிறேன்?"

"பிடிக்காவிட்டால் காலி செய்யலாம்!"

கிளி அன்றே காலி செய்தது. மைனாவால் முடியவில்லை. அது வாடகையையும் செலுத்தி, குஞ்சுகளுக்கும் இருமடங்கு இரை ஊட்டி, இறகு முளைத்ததும் முளைக்காததுமாகப் பறக்கக் கற்பித்தது.

செங்கொண்டையார் புதுப் பொந்துகளைக் குடைந்து முடித்தார். "ஏழு வீடு! பதினான்கு புழு!" என்று மார்தட்டினார்.

குடைந்து முடித்த இருபதாம் நாள் ஆடிக் காற்று வீசியது. புதுப் பொந்துகள் இருந்த இடத்தில் மரம் விரிசல் விட்டது. மைனாக் குஞ்சுகள் தட்டுத்தடுமாறி மருதக் கிளைக்குத் தாவின. கடைசிக் குஞ்சு வெளியேறியதும் மரம் இற்று விழுந்தது. ஏழு வீடுகளும் தரையோடு தரையாயின. குடியிருந்தோர் ஆளுக்கொரு திசையில் பறந்தனர்.

மூன்று நாள் பட்டினி கிடந்த செங்கொண்டையார், மைனாவைத் தேடிச் சென்றார்.

"அம்மணி, ஐந்து வீடு எனக்குச் சோறு போட்டது. நானே அதைக் கெடுத்துக்கொண்டேன்."

"என் பிள்ளைகள் வெட்டவெளியில் நனைகிறார்கள், ஐயா. உங்களுக்கோ இரை இல்லை. இந்த மருதத்தில் ஒரு பொந்து குடையுங்கள். முடியும்வரை நான் புழு தருகிறேன். அதுவே முன்பணம்! ஆனால், சுவர் ஈரம் என்று சொன்னால் அன்றே வந்து பார்க்க வேண்டும்."

"பார்க்கிறேன்."

"புழு மெலிவு என்று முனகக் கூடாது!"

"முனக மாட்டேன், அம்மணி!"

வருவாய் நிலைத்திருக்க வேண்டுமானால், வீடுகளைப் பெருக்குமுன் அவற்றைத் தாங்கும் மரத்தையும், அவற்றில் குடியிருப்போர் சொல்லையும் பேண வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, செங்கொண்டையார் மருத மரத்தில் முதற்கொத்துக் கொத்தியது ஆடித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், புதன்கிழமை.