புத்தம்புது நகல் மெஷின்

முதலில் கடைநிலை ஊழியர்களின் நாற்காலிகளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் மின்விசிறியைக் கழற்றினார்கள். அதன் பிறகு சங்கத்தின் அறிவிப்புப் பலகை போயிற்று. நான்காவதாக, நகல் எடுக்கும் செங்கமலத்தின் வேலைக்கே குறிவைத்தார்கள்.

மேலாளர் திருஞானம் அலுவலகத்துக்குப் புத்தம்புது நகல் மெஷின் வாங்கியதாகச் சொல்லி, அதற்கு மாலை போட்டுக் குங்குமமும் வைத்தார். மூன்றாம் நாளே ஒவ்வொரு நகலிலும் கறுப்புக் கோடு விழுந்தது. அவர் எல்லோரையும் கூட்டி, செங்கமலத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"நீதான் கெடுத்தே. இவங்க முன்னாலயே எழுதிக் கொடு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

"தர்றேங்க ஐயா. முதல்ல மெஷின் வாக்குமூலம் தரட்டும்."

செங்கமலம் இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். மெஷின் தன் மீட்டர் விவரத்தைத் தானே அச்சடித்து நீட்டியது.

"இதுவரை எடுத்த நகல் நாலு லட்சமாம். மூணே நாள்ல நான் ஒருத்தியே எடுத்திருந்தா, எனக்கில்லே மாலை போட்டிருக்கணும்?"

ஊழியர்கள் சிரித்தார்கள். மேலாளர் தாளைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"பொறுங்க ஐயா, இத்தனை பேர் சாட்சிக்கு இருக்காங்க. இந்த மெஷினை முன்னாடி வச்சிருந்த கடையோட பேரும் கீழே இருக்கு."

தாளை உயர்த்திப் பிடித்து உரக்கப் படித்தாள்:

"திருஞானம் நகலகம்."