அட்டையில் இல்லாத கலெக்டர்

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் வெள்ளரிப்பட்டிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த ஊரைப் பிடித்த சனியனும் அதுதான்.

மாவட்டமே அண்ணாந்து பார்க்கிற பெரிய நூலகம் அங்கே வருகிறது என்றதும் ஊர்த் தலைவர் சங்கிலியாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்ஜினியர் அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தை அவரிடம் கொடுத்து, "இதுல இருக்கிறபடியே இருக்கணும். எதையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டடம் அச்சு அசலாக எழும்பிவிட்டது. கலெக்டர் வந்து திறந்தால்தான் லாரியிலிருந்து புத்தகம் இறங்கும். அவர் முகம் சுளித்தால் லாரி பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் சங்கிலியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மாதிரியை மறுபடி உற்றுப் பார்த்தவருக்குப் பகீரென்றது.

வாசலில் மூன்று பொம்மைகள்! கையைத் தூக்கிய சிவப்புச் சேலைக்காரி, குடை பிடித்த ஆள், ஒரு நாய். நாய்க்குக் கால் மூன்றுதான்; இன்னொன்று பஸ்ஸில் வரும்போதே ஒடிந்துவிட்டது.

"நம்ம ஊரு நாய்க்கெல்லாம் நாலு காலுல்ல இருக்கு?" என்றார் சங்கிலியாண்டி.

"ஒண்ண நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன்" என்றான் கொத்தனார் முத்திருளன்.

"அப்ப நீ ஒரு ஆளு கூடிப்போவியேடா!"

நியாயம்தான். நாயின் காலைத் துண்டால் மடக்கிக் கட்டினார்கள். சங்கிலியாண்டியே குடையோடு நின்றார். சிவப்புச் சேலையில் சீனியம்மா கையைத் தூக்கினாள். மிச்ச ஊர் மொத்தமும் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

கலெக்டர் வந்தார். சீனியம்மாவைப் பார்த்து அவரும் கையைத் தூக்கினார். அவள் இறக்கவில்லை. எப்போது இறக்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒருவழியாக இறக்கிவிட்டுப் படியில் கால் வைத்தார். சங்கிலியாண்டி குடையால் மறித்தார்.

"ஐயா மன்னிக்கணும். மாதிரியில கலெக்டர் இல்லீங்க."

கலெக்டர் முகம் கறுத்தது. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பினார். சங்கிலியாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதறாதீங்க தலைவரே!" என்று சுவருக்குப் பின்னாலிருந்து முத்திருளன் கத்தினான். களிமண்ணைப் பிசைந்து, கண்ணாடியும் தொப்பையுமாக ஒரு கலெக்டரைச் செய்து, மாதிரியின் முதல் படியில் பசை போட்டு ஒட்டி நீட்டினான்.

கலெக்டர் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "புத்தகத்த இறக்குங்கப்பா!" என்று சொல்லி இரண்டாம் படிக்குக் காலைத் தூக்கினார்.

சங்கிலியாண்டி பாய்ந்து அவர் காலைப் பிடித்து முதல் படியிலேயே வைத்தார். "நகராதீங்க ஐயா, பசை காஞ்சுபோச்சு!"

"ஐயா குடுத்து வச்சவரு" என்றாள் சீனியம்மா, தூக்கிய கையை இன்னும் இறக்காமல். "கையத் தொங்கப்போட்டுல்ல ஒட்டியிருக்கு!"