கலிவரதன் வீட்டுக் குழாய் பீர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கலிவரதன் என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். எதையுமே அதிகம் நினைக்க மாட்டார் என்றும் சொல்லலாம். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே சங்கடம், பாரீஸில் குடியேறிவிட்ட மச்சான் வேதாசலம். மனைவி பூங்கோதையின் அண்ணன்.

மச்சான் போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "எங்க ஊர்ல குழாயைத் திறந்தா ஜில்லுனு பீர் கொட்டும் கலி. உங்க ஊர்ல தண்ணியே வராது."

பத்து வருஷம் பொறுத்துக்கொண்டார் கலிவரதன். பதினோராவது வருஷம் ரோஷம் தாங்காமல், "எங்க வீட்டுலயும் கொட்டுது மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

"அப்படியா? அடுத்த வாரம் லீவுல வரேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுலதான் சாப்பாடு" என்றார் மச்சான்.

கலிவரதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீர் வராவிட்டால் அதற்கப்புறம் மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது? உடனே தன் சிநேகிதர்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் தனவேலு. அவரிடம் ட்ரில்லிங் மெஷின் இருந்ததால் இன்ஜினியர் என்று பெயர். இன்னொருவர் லூர்துநாதன். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் படித்தவர் என்று பெயர்.

கடற்கரை ஓட்டலில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் மூலமாக ஒரு பீப்பாய் பீர் வந்து சேர்ந்தது. பூங்கோதை இட்லி மாவும் மல்லிப்பூவும் வைக்கிற குட்டி ஃபிரிட்ஜைக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். அதில் ஓட்டை போட்டு, பீப்பாயை உள்ளே வைத்துக் குழாய் மாட்டுவது திட்டம். பூங்கோதை மூவரின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் போனில் யோசனை சொன்னார். அவருக்கு ஆயிரம் வேலை, சுருக்கமாகச் சொன்னார். "ஓட்டை போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை எல்லாம் வெளிய எடுத்துடுங்க. இடம் மாத்தின ஃபிரிட்ஜை ஒரு நாள் நிக்க வெச்சுதான் ஆன் பண்ணணும். பீர் கடைசி வரைக்கும் குளிர்லயே இருக்கணும். ஆன் பண்ணினப்புறம் கதவை மட்டும் திறக்கவே கூடாது." லூர்துநாதன் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

தட்டுகளை எடுத்தார்கள். ஐஸ் டிரேயை எடுத்தார்கள். லூர்துநாதன் உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"குளிர் இருக்கு. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியிருக்காரே."

தனவேலு முறத்தை எடுத்துவந்து அரை மணி நேரம் குளிரை வெளியே விசிறினார். கத்திரி வெயில் காலம் வேறு. வெளியே வந்த குளிர் வீணாக வேண்டாமே என்று கலிவரதன் சட்டையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஃபிரிட்ஜின் தலையில் ஓட்டை போட்டார்கள். அடுத்து, ஒரு நாள் நிற்க வைக்கும் வேலை. விழுந்துவிட்டால் நின்ற கணக்கில் வராதே என்ற கவலையில் மூவரும் முறை போட்டுக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். மாதா கோயிலுக்குப் போக வேண்டிய லூர்துநாதன் கூட, முறை முடியாமல் கையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் பீப்பாய் ஃபிரிட்ஜுக்குள் போகவில்லை. அதைத் தூக்கி ஃபிரிட்ஜின் மேலேயே வைத்து, ஓட்டை வழியாக டியூபை உள்ளே இறக்கி, நுனியில் குழாயை மாட்டி, கதவைச் சாத்தி ஆன் பண்ணினார்கள். குழாயில் கட்டிய ஒரு கயிறும் அதே ஓட்டை வழியாக வெளியே வந்தது. வெளியிலிருந்து கயிற்றை இழுத்தால் குழாய் திறந்துகொள்ளும். மூடுவதற்கு என்ன வழி என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கடைசி வரைக்கும் குளிர்லயே இருக்கணும்னு எழுதியிருக்கு. பீருக்குக் கடைசி எது?" என்று கேட்டார் லூர்துநாதன்.

தனவேலு நெடுநேரம் யோசித்தார். "வாய்."

"அப்போ வாயும் உள்ளதான் இருக்கணும்."

"வாயை மட்டும் எப்படி உள்ள அனுப்பறது?" என்றார் கலிவரதன்.

"தலையோடதான் அனுப்பணும். ஆனா கதவைத் திறக்கக் கூடாதே."

ஆகவே கதவில் ஒரு பெரிய ஓட்டை போடுவது என்று ஏகமனதாக முடிவானது. கலிவரதன் தலையை அளவெடுத்து, தனவேலு கச்சிதமாக அறுத்தார்.

மத்தியானம் மச்சான் வியர்த்து விறுவிறுத்து வந்தார். "எங்கய்யா குழாய்?" என்றார். விஷயத்தைச் சொன்னார்கள். வெயில் கொடுமையில் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. பாயில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். காதுகள் சமர்த்தாக மடங்கி உள்ளே போயின. தனவேலு கயிற்றை இழுத்தார்.

கொஞ்ச நேரம் மடக் மடக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒத்துக்கறேன் கலி. உங்க வீட்டுலயும் கொட்டுது."

கலிவரதன் கண் கலங்கிவிட்டார். பதினோரு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டதே.

மறுபடியும் குரல் வந்தது. "போதும், நிறுத்துங்க." நிறுத்த வழியில்லை. "சரி, நான் வெளிய வரேன்." அதற்கும் வழியில்லை. உள்ளே போகும்போது மடங்கிய காதுகள் திரும்பும்போது மடங்க மாட்டேன் என்றன. தனவேலு ஸ்குரூ டிரைவரால் கீல்களைக் கழற்றினார். மச்சான் எழுந்து நின்றார், கழுத்தைச் சுற்றி ஃபிரிட்ஜ் கதவோடு. கூடமெல்லாம் பீர் ஓடியது.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. "என்ன சார் கழுத்துல?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மச்சான் மானஸ்தர். கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போவுது? பாரீஸ்ல இப்போ எல்லாரும் இதைத்தான் போட்டுக்கறாங்க" என்றார். கூட்டம் ஓஹோ என்றது. ரெண்டு பேர் கதவோடு சேர்த்து அவரை போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மச்சான் அப்படியே கடற்கரைப் பக்கம் உலாவக் கிளம்பிவிட்டார்.

கலிவரதன் முகம் தொங்கிப்போனது. "பாத்தியா தனவேலு? பாரீஸ்ல போடறதெல்லாம் அவர்கிட்ட இருக்கு. நம்மகிட்ட ஒண்ணும் இல்ல."

கதவை அறுத்த தனவேலுவும் பெருமூச்சு விட்டார். "பாரீஸ்காரன் பாரீஸ்காரன்தான்."

ஒரு மணி நேரம் கழித்து, வாசல் வரைக்கும் ஓடிவருவது என்ன என்று பார்க்க எதிர் வீட்டிலிருந்து பூங்கோதை வந்தாள். அறையில் மர பீரோ திறந்து கிடந்தது. ஒரு பக்கக் கதவைக் காணோம். அது கலிவரதன் கழுத்தில் இருந்தது.

"என்னங்க இது?"

"உங்க அண்ணன் போட்டிருக்கறதுல கண்ணாடி கிடையாது" என்றார் கலிவரதன். குனிந்து, மோவாய்க்குக் கீழே பீரோ கதவில் பதித்திருந்த கண்ணாடியில் திருப்தியாகத் தன் முகத்தைப் பார்த்தார். மீசையை முறுக்கத்தான் கை எட்டவில்லை. லூர்துநாதன் ஸ்டூல் போட்டு ஏறி முறுக்கிவிட்டார்.