எறும்புகள் வாசித்த கல்

கழிமேட்டில் எல்லோரும் சிரித்த ஒரு விஷயம்: சீடர் தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்து மூன்று, ஊரார் சாமியம்மா என்று கூப்பிடும் குரு சங்கம்மாளுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரரான அவர் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலை அவளிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. அலைத்தடுப்புக்குக் கல் போதவில்லை. மேட்டில், பழைய உறைகிணற்றுக்குப் பக்கத்தில் இடுப்பளவு நிற்கும் கருங்கல்லையும் தூக்கப்போவதாக ஊர்த்தலைவர் அஞ்சாப்புலி சொல்லிவிட்டாராம். அதில் கல்வெட்டு இருப்பதாக ஒன்பது வருடமாகச் சொல்லி வருபவர் தெய்வசிகாமணி. அவருக்கு மட்டும் ஒரு சலுகை. சாயங்காலத்துக்குள் ஒரு ராஜா பேரைக் காட்டினால் கல் பிழைக்கும்.

"பேர் இருக்கும்மா. சுண்ணாம்புப் பொடி தடவிட்டேன். வந்து பாருங்க!"

சங்கம்மாள் வந்து பார்த்தாள். கல்லின் நெற்றியில் வெள்ளை வெளேரென்று நாலு எழுத்து.

"இது கல் எழுதினதா, ஐயா எழுதினதா?"

ஒன்பது வருடத்தில் அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

அவள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைக் கழுவினாள். பிறகு ஒரு செம்பு வெல்லப்பாகைக் கல்லின் தலையிலிருந்து வழியவிட்டாள். வழுவழுப்பான இடத்தில் பாகு நிற்காமல் ஓடியது. பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் தங்கியது.

"இனிமே வாசிக்கிறவங்க வருவாங்க" என்று உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஒரு எறும்பு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு சாரை. ஏலம் முடித்து மீன்கூடையோடு போன பெண்கள் நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். முதல் எழுத்து என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். ராஜா பேரை எறும்பு சொல்லித்தான் தபால்காரர் தெரிஞ்சிக்கணுமா என்று ஒருத்தி கேட்க, கூட்டம் சிரித்தது. தெய்வசிகாமணி மட்டும் சிரிக்காமல் கல்லுக்குக் கிட்டே குனிந்தார்.

கல் கறுத்துக்கொண்டே வந்தது.

எழுத்து வரவில்லை. கல்லின் கழுத்தைச் சுற்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று கறுப்பு வளையம். அவ்வளவுதான்.

தெய்வசிகாமணி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜேசிபியோடு வந்து இறங்கிய அஞ்சாப்புலி கல்லை ஒருமுறை சுற்றினார். நின்றார். மறுபடியும் சுற்றினார். எறும்பைத் தட்டிவிட்டுப் பள்ளத்தில் விரலை ஓட்டினார்.

"மேக்காலதான் பள்ளம் ஜாஸ்தி" என்றார், தனக்குத்தானே.

அவரும் படகுக்காரர்தான்; தோளில் கிடந்த படகுக் கயிற்றை எடுத்துக் கல்லைச் சுற்றிப் போட்டு முடிச்சிட்டார். கிழக்கே பார்த்துச் சாய்ந்து இழுத்தார். கயிறு மேற்குப் பள்ளத்தில் பதிந்து உட்கார்ந்தது, நேற்றுவரை அங்கேயே கிடந்த மாதிரி.

எல்லோர் தலையும் கடல் பக்கம் திரும்பியது. கடல் இப்போது அரை மைல் தள்ளிக் கிடந்தது.

"டேய், இது படகு கட்டின கல்லுடா" என்றார் அஞ்சாப்புலி. "தண்ணி இங்க நின்னிருக்கு. நம்ம நிக்கிற இடத்துல."

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். உறைகிணறு படகுக்காரர்கள் குடிநீர் எடுத்த கிணறாம். வடக்கே இடிந்து கிடக்கும் கோயில் கடலைப் பார்த்து நிற்பது இதனால்தானாம். மழைக்கு மழை மேட்டில் பானை ஓடு கிளம்புவதும் இதனால்தானாம். ஒரு கிழவர் வளையங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜேசிபி ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணே, கல்லைத் தூக்கவா?"

அஞ்சாப்புலி சங்கடத்தோடு சங்கம்மாளைப் பார்த்தார். ஊரறியச் சொன்ன வாக்கு. "ராஜா பேர் ஒண்ணும் வரலையே, சாமியம்மா."

"வரலை."

"அப்ப தூக்கிடவா?"

"தூக்குங்க. உங்க கயித்தை மட்டும் அவுத்துக்குங்க."

அஞ்சாப்புலியின் கை முடிச்சின் மேல் போயிற்று. அவிழ்க்காமல் அங்கேயே நின்றது.

தெய்வசிகாமணி விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.