செண்பகத்துக்கு வாங்கிய கார்

"பட்டப்பகல்ல ஏமாத்திட்டாங்கம்மா."

குழந்தைவேலு உட்காரக்கூட இல்லை. கார்ச் சாவி கையிலேயே இருந்தது.

அரசியம்மா குடிலின் வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட ஆகாதவர். குழந்தைவேலுவோ பஞ்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறி வந்து உபதேசம் கேட்க இந்த அம்மாவின் முன்னால் உட்காருவார். மனைவி செண்பகமும் வருவாள்.

"யாரு ஏமாத்தினாங்க?"

அவர் கொட்டித் தீர்த்தார்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார். சாதாரண வண்டியைவிட விலை கூடுதல். போட்ட பணம் நாலே வருஷத்தில் பெட்ரோல் மிச்சத்திலேயே திரும்பிவிடும் என்றார்கள். லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர் என்று அட்டையே வைத்திருந்தார்கள். நாலு வருஷம் முடிந்துவிட்டது. வழக்கம்போல் ஓட்டினால் இருபதைத் தாண்டவில்லை. மலை ஏறினால் அதுவும் இல்லை. இனி பேட்டரி ஒரு நாள் படுத்துக்கொண்டால் மிச்சம் பிடித்த அத்தனையும் அதற்கே போய்விடும். இதைக் கேட்கப் போனபோது ஷோரூம்காரன் சிரித்திருக்கிறான்.

"வண்டியில குறை இல்ல சார், உங்க கால்ல இருக்குன்னான். முப்பத்தஞ்சு வருஷமா கார் ஓட்டுறேன்மா. என் கால்ல குறையாம்!"

அந்தச் சிரிப்பு அவருக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது.

"நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடலாமான்னு உங்களைக் கேக்க வந்தேன்."

"போடுங்க," என்றார் அரசியம்மா. "பொய் சொல்லி வித்திருந்தா கேட்டுத்தான் ஆகணும்."

குழந்தைவேலு திகைத்துப்போனார். கோபத்தை விட்டுவிடுங்கள் என்று அம்மா சொல்வார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று பதினெட்டு வளைவிலும் யோசித்துக்கொண்டே வந்தவர் அவர்.

"அப்ப சரி," என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

"இன்னும் என்ன?"

"மனசு ஆறலை."

அரசியம்மா அடுத்த கொத்தை எடுத்து உருவினார்.

அவன் சிரித்த நாளிலிருந்து தான் சும்மா இருக்கவில்லை என்று குழந்தைவேலு சொல்ல ஆரம்பித்தார். வண்டியின் நாடி பிடித்துப் பார்த்துவிட்டாராம். ஆக்சிலேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதிக்கிறார். ஏசி போடுவதில்லை. கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும் என்பதால் அதையும் இறக்குவதில்லை. டிக்கியில் ஒரு குடைகூட வைப்பதில்லை.

"இப்ப லிட்டருக்கு இருபத்திநாலு. நாலு கிலோமீட்டர் கூட்டிட்டேம்மா. யாரு கால்ல குறைன்னு அவனை வந்து பாக்கச் சொல்லுங்க."

"செண்பகம் எங்கே?"

"பஸ்ல வர்றா."

அரசியம்மாவின் கை நின்றது.

"அவங்களுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்குல்ல?"

"ஆமா. பஸ் படி உசரம், ஏற முடியலைன்னுதானே இந்தக் காரையே வாங்கினேன்."

"அப்புறம் ஏன் பஸ்ல வர்றாங்க?"

குழந்தைவேலு தோளைக் குலுக்கினார். போன சித்திரையிலிருந்து அப்படித்தான், சாலையில் இறங்கி நடந்து வந்துவிடுகிறாள் என்றார். அவளால் புழுக்கம் தாங்க முடியவில்லை. ஏசியைப் போடு என்பாள், கண்ணாடியை இறக்கு என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிடிவாதத்துக்காக ஏசி போட்டுக்கொண்டே மலையேறினார். வந்து பார்த்தால் கணக்கு பழையபடி இறங்கிவிட்டிருந்தது.

"இன்னைக்கு நீ வந்ததாலதான் குறைஞ்சுபோச்சுன்னு உள்ளதைச் சொன்னேன். அடுத்த வாரத்துலேருந்து பஸ்ஸுக்குப் போயிட்டா. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையேம்மா?"

அரசியம்மா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். நேரே போய் வேப்பமரத்துக்கு அப்பால் வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

குழந்தைவேலு பின்னாலேயே ஓடினார்.

"எங்கேம்மா போகணும்?"

"எங்கேயும் இல்ல. நீங்களும் உட்காருங்க."

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல் இருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். அரசியம்மாவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏசி போடட்டுமாம்மா?"

அரசியம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கண்ணாடியையாவது இறக்குறேன்."

"வேண்டாம். எப்பவும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அந்தக் குரலில் இருந்த கோபத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

சாலையில் பஸ் வந்து நின்றது.

சந்தைக்கு வந்தவர்கள் கூடைகளோடு இறங்கினார்கள். கடைசியாகச் செண்பகம் படிக்கு வந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கையால் கண்டக்டரின் தோளைப் பிடித்தாள். நல்ல காலை முதலில் இறக்கினாள். மற்றக் காலை இறக்குவதற்கு முன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

எப்போதும் அவளுக்கு முன்னால் வந்து குடிலுக்குள் உட்கார்ந்துவிடுகிறவர் என்பதால் குழந்தைவேலு இதைப் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அவள் தரையில் நின்றாள். அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். பையை அதில் மாட்டிவிட்டு நடந்தாள்.

காரைத் தாண்டும்போதுதான் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. குனிந்து பார்த்துப் பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"இந்த வெயில்ல இதுக்குள்ள என்னம்மா பண்றீங்க?"

சேலையெல்லாம் நனைந்து அரசியம்மா இறங்கினார். குழந்தைவேலு பையோடு நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூட்டியிருக்காராம்," என்றார் செண்பகத்திடம். "அதை எங்கேருந்து எடுத்தாருன்னு பாத்துட்டிருந்தேன்."