தம்பி போட்ட கோல்

இளமை முழுவதையும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றே கழித்த கோல்கீப்பர் மாசிலாமணி, ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சீடராகச் சேர்ந்தார். சமையற்கட்டில் யார் கையிலிருந்து பாத்திரம் நழுவினாலும், அது தரையைத் தொடுமுன் பிடித்துவிடுவார். தியானம்தான் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை.

ஒரு நாள் காலை குருவைத் தேடிப் போனார். அவரைவிட வயதில் இளையவரான குரு, தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம். ரொம்ப நாளா மனசை அரிக்குது.”

“சொல்லுங்க.”

“என் கடைசி மேட்ச். எதிர் டீம்ல என் தம்பி தணிகை. முடியப்போற நேரத்துல அவன் அடிச்ச பந்து உள்ள போயிடுச்சு. தம்பிக்காக அண்ணன் விட்டுக்கொடுத்துட்டான்னு எங்க டீம் திட்டுச்சு. ஊர் மெச்சுச்சு.”

“விட்டுக்கொடுத்தீங்களா?”

“அதுதான் சாமி தெரியலை. பாசத்துல கை தளர்ந்துடுச்சோ என்னவோ.”

“தம்பி என்ன சொல்றார்?”

“பேச்சையே நிறுத்திட்டான். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். அப்பா அம்மா இல்லாத வீடு, நான்தான் முன்னால நிக்கணும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குரு கீரைக்கட்டைக் கீழே வைத்தார். “உங்ககிட்ட பந்து இருக்கா?”

இருந்தது. எல்லாவற்றையும் துறந்து வந்த மனுஷன் அதை மட்டும் துணிமூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அசடு வழிய எடுத்து வந்தார்.

காவித் துணி காயப்போடும் கொடியின் இரண்டு கம்பங்களைக் குரு காட்டினார். “அதுக்கு நடுவுல நில்லுங்க. நான் உதைக்கிறேன். நீங்க விட்டுக்கொடுக்கணும். அவ்வளவுதான்.”

இதென்ன பெரிய விஷயம் என்று மாசிலாமணி போய் நின்றார்.

குரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து உதைத்தார். பந்து தள்ளாடித் தள்ளாடி உருண்டு வந்தது. விட்டுவிட வேண்டும் என்றுதான் மாசிலாமணி நினைத்தார். கால் குறுக்கே போய்விட்டது.

“மன்னிக்கணும் சாமி. பழக்கதோஷம்.”

“பரவாயில்லை. இன்னொண்ணு.”

இந்த முறை கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார். பந்து வந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது, தான் புழுதியில் கிடப்பதும் பந்தை நெஞ்சோடு அணைத்திருப்பதும்தான். துணி உலர்த்த வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. துண்டால் தன் கைகளைக் கட்டச் சொன்னார். கண்களையும் இறுக மூடிக்கொண்டார். “இப்ப அடிங்க சாமி.”

உதைக்கும் சத்தம் கேட்டதுதான் தாமதம், உடம்பு தானாகப் பாய்ந்து குறுக்கே விழுந்தது. பந்து வயிற்றில் பட்டுத் திரும்பிப் போனது.

குரு கால் கட்டைவிரலைத் தேய்த்தபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துவிட்டார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. இருவருக்கும் சிரிப்பும் அடங்கவில்லை.

“என் பந்தையே உங்களால விட முடியலை,” என்றார் குரு. “அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

மாசிலாமணியின் சிரிப்பு மெல்ல நின்றது. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“முழுசா பாய்ஞ்சேன் சாமி. பந்து கடைசி நேரத்துல வளைஞ்சு மூலையில போய் விழுந்துச்சு. விரல் நுனிகூடப் படலை. அப்படி ஒரு அடியை நான் பார்த்ததே இல்லை.”

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

அவர் அவிழ்ந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். “விட்டுக்கொடுத்த அண்ணன்னு ஊர்ல மாலை போட்டாங்க. கழுத்தை நீட்டிட்டேன்.”

குரு எழுந்து வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டினார். பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“மத்தியானத்துக்கு ஒரு பஸ் இருக்கு, கிளம்புங்க. அது உங்க தம்பி போட்ட கோல். இத்தனை நாள் உங்ககிட்ட இருந்தது போதும்.”